பெல்லின் கம்பி, ஹில்லரின் துடுப்பு

அமெரிக்க ராணுவத்தின் ஆரம்பகால ஹெலிகாப்டர்கள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் வடிவமைப்பாளர் சிகோர்ஸ்கியில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். பெரிய ஆள்தான், மறுப்பில்லை. ஆனால் என்னைப் போல ரிமோட் மாடல் ஹெலிகாப்டர் பறக்கவிடுகிறவர்களுக்கு ஹெலிகாப்டரை அந்தரத்தில் ஆடாமல் நிற்க வைக்க வழி கண்ட ஆர்தர் யங், ஸ்டான்லி ஹில்லர் என்ற இருவர்தான் நெருக்கம்.

சரி, சிகோர்ஸ்கிக்கு உரியதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய எக்ஸ்ஆர்-4 ஹெலிகாப்டர், 1942 ஜனவரியில் கனெக்டிகட் மாநிலம் ஸ்ட்ராட்ஃபோர்டில் முதன்முதலாகப் பறந்தது. 1944 ஏப்ரலில் பர்மா காட்டில் கார்ட்டர் ஹார்மன் என்ற லெப்டினன்ட் அந்த வகை ஹெலிகாப்டரில் போய், விமானம் விழுந்து மாட்டிக்கொண்ட ஒரு விமானியையும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும் மீட்டார். ஒரு நடைக்கு ஓர் ஆள்தான். அந்த வெக்கையில் எஞ்சின் அதற்கு மேல் தூக்காது. துணி போர்த்திய பிளேடுகளின் அதிர்வு வேறு விமானியின் கைப்பிடிக்கே வந்து சேரும்.

தூக்குவதைவிடப் பெரிய தலைவலி, அந்தரத்தில் நிற்பது. ரோட்டர், அதாவது தலைக்கு மேல் சுற்றும் பிளேடுகள், கொஞ்சம் சாய்ந்தால் எந்திரம் அந்தப் பக்கம் நகரும். நகர்ந்த வேகத்தில் மறுபக்கம் இன்னும் அதிகமாகச் சாயும். சும்மா விட்டால் ஆட்டம் கூடிக்கொண்டே போய்க் கவிழ்ந்துவிடும். பென்சில்வேனியாவில் ஒரு பழைய களஞ்சியத்தில் சின்னச் சின்ன மின்சார மாடல்களை வைத்து யங் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது இதோடுதான்.

அவர் கண்ட தீர்வு ஒரு கம்பி. இரண்டு பிளேடுகளுக்குக் குறுக்கே, இரு முனையிலும் எடையோடு, ரோட்டரோடு சேர்ந்து சுற்றும். உடல் சாய்ந்தாலும் கம்பி தான் சுற்றும் தளத்தை உடனே விடாது. கம்பியிலிருந்து பிளேடுக்கு ஓர் இணைப்பு கொடுத்தால் பிளேடும் கம்பி சொன்னதைக் கேட்கும். 1941-ல் மாடலை பஃபலோவுக்கு எடுத்துப்போய் பெல் விமானக் கம்பெனிக்காரர்களுக்குப் பறக்கவிட்டுக் காட்டினார். அங்கிருந்து வளர்ந்த பெல் 47, 1946 மார்ச்சில் அமெரிக்காவின் முதல் சிவில் ஹெலிகாப்டர் சான்றிதழைப் பெற்றது. ராணுவத்தில் அதன் பெயர் எச்-13. கொரியப் போரில் கண்ணாடிக் குமிழி மூக்கோடு, வெளியே இரு பக்கமும் ஸ்ட்ரெச்சர் கட்டிப் பறந்தது அதுதான். விமானி ஒருவர், காயம்பட்டவர்கள் இருவர். விமானியின் கையும் காலும் கட்டுப்பாட்டை விட்டு நகர முடியாது. அந்த நிலையில் கம்பி செய்த உதவி சாதாரணமானதல்ல.

ஹில்லர் 19 வயதில் கலிபோர்னியாவில் தன் முதல் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்ட பையன். கம்பிக்குப் பதில் அவர் வைத்தது துடுப்பு மாதிரி இரண்டு குட்டி பிளேடுகள். விமானியின் கைப்பிடி துடுப்புகளை மட்டும் திருப்பும். அவை காற்றைப் பிடித்துப் பெரிய ரோட்டரைச் சாய்க்கும். கைக்குப் பாரமே இல்லை, ஆனால் பதில் கொஞ்சம் தாமதமாக வரும். ராணுவம் இதையும் எச்-23 என்று வாங்கியது.

என் பழைய மாடலில் இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள். பிளேடு பிடிக்கு முன்னால் விரல்நுனி அளவில் ஒரு நெம்புகோல்: ஒரு முனை ஸ்வாஷ்பிளேட்டிலிருந்து (கட்டுப்பாட்டைச் சுற்றும் ரோட்டருக்குக் கடத்தும் சாயும் தட்டு) நேராக வரும் கட்டளையை வாங்கும், மறுமுனை துடுப்புக் கம்பியின் பேச்சை. பெல்-ஹில்லர் மிக்ஸர் என்றே பெயர். துடுப்பை எடை கூடியதாக மாற்றினால் அந்தரத்தில் நன்றாக நிற்கும், ஆனால் பக்கவாட்டில் உருண்டு ரோல் போடச் சொன்னால் சோம்பல் முறிக்கும். இன்றைய மாடல்களில் இந்த வேலையை ஓர் எலெக்ட்ரானிக் சில்லு பார்த்துக்கொள்கிறது. வசதிதான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாதது எனக்குக் குறைதான்.

அப்புறம், எச்-13, எச்-23 இரண்டுக்கும் பதிலாகப் புதிய இலகுரக ஹெலிகாப்டர் தேட ராணுவம் போட்டி வைத்தபோது பெல்லும் ஹில்லரும் களத்தில் இருந்தார்கள். 1965-ல் ஆர்டர் ஹியூஸ் கம்பெனிக்குப் போனது. ஜெயித்த அவர்களுடைய ஓஎச்-6-ல் நான்கு பிளேடு. கம்பியும் இல்லை, துடுப்பும் இல்லை. போட்டியில் தோற்றுப்போன தன் டிசைனைத் தூக்கிப் போடாமல் உடலை மாற்றி வரைந்து, பெல் அதையே ஜெட்ரேஞ்சராக ஆயிரக்கணக்கில் விற்றது.