ஒரு நாய் யோசிக்கிற நேரம்

2D அனிமேஷன்ல க்ளீன்அப்ல (ரஃப் கோட்டை சுத்தமா வரையற வேலை) ஆரம்பிச்சு, இன்பிட்வீன் (முக்கியமான ரெண்டு படத்துக்கு நடுவுல வர்ற படங்கள்) போட்டு, அப்புறம் அந்த முக்கியமான படங்களை, அதாவது கீ போட்டு, இப்போ ஒரு சின்ன டீமை பாத்துக்கறேன். இத்தனை வருஷத்துல நடிப்புன்னா என்னன்னு எனக்கு சொல்லிக் குடுத்தது ஒரு நாய் தான்னு சொன்னா அது மிகையே இல்ல. மிக்கி மவுஸோட நாய் ப்ளூட்டோ. அதுவும் 1934 மார்ச்ல வந்த 'ப்ளேஃபுல் ப்ளூட்டோ'ங்கிற குறும்படம், கறுப்பு வெள்ளை, ஏழெட்டு நிமிஷம் தான் ஓடும்.

கதைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. மிக்கி தோட்டத்துல குப்பை கூட்டிட்டு இருக்கும், இது கூடவே சுத்தி விளையாடி எல்லாத்தையும் கலைக்கும், டார்ச் லைட்டை முழுங்கிடும், அப்புறம் ஈ பிடிக்கிற பசை பேப்பர் மேல மாட்டிக்கும். அந்த பேப்பர் சீன் தான் விஷயமே. ஒரு இடத்துல ஒட்டினதை பிச்சா இன்னொரு இடத்துல ஒட்டும், காலை எடுத்தா வேற எங்கயாவது பிடிச்சுக்கும். சும்மா பாத்தா காமெடி. ஆனா சவுண்டை நிறுத்திட்டு ஒவ்வொரு ஃப்ரேமா தள்ளிப் பாருங்க. அது இழுக்கிறதுக்கு முன்னாடி நிக்குது. பேப்பரை பாக்குது, புருவம் சுருங்குது, நம்ம பக்கம் ஒரு பார்வை பாக்குது, சரி இப்படி பண்ணலாம்னு ஒரு முடிவுக்கு வருது, அதுக்கப்புறம் தான் உடம்பு அசையுது. அது போட்ட ப்ளான் தப்புன்னு அதுக்கு தெரியறதுக்கு முன்னாடியே நமக்கு தெரிஞ்சிடுது, அதனால தான் சிரிப்பு வருது. கார்ட்டூன் பாத்திரம் ஒண்ணு உள்ளுக்குள்ள யோசிக்கிறதை திரையில தெளிவா காட்டின ஆரம்ப உதாரணம்னு அனிமேஷன்காரங்க இன்னைக்கும் இந்த சீனை தான் சொல்லுவாங்க, நானும் அதை முழுசா நம்பறேன்.

இதை வரைஞ்சவர் நார்ம் ஃபெர்குசன். 1929ல நியூயார்க்ல இருந்து டிஸ்னிக்கு வந்தவர், முறையா ஓவியம் படிச்சவர் கிடையாது. கோடு எல்லாம் ரஃப்பா வேகமா இழுத்து விடுவார், அதை சுத்தமான கோடா மாத்தறது அசிஸ்டென்ட் வேலை. 1930ல வந்த 'தி செயின் கேங்' படத்துல ஜெயில்ல இருந்து தப்பிச்ச மிக்கியை மோப்பம் பிடிச்சு தேடற வேட்டை நாய்களும் அவர் வரைஞ்சது தான், ப்ளூட்டோ அங்க இருந்து வந்த நாய். பேரு கிடைச்சது 1931ல, 'தி மூஸ் ஹன்ட்'. அந்த படத்துல ஒரு இடம் எனக்கு எப்பவும் உறுத்தும். நாயை தெரியாம சுட்டுட்டோம்னு நினைச்சு மிக்கி உடைஞ்சு போய் அழும், செத்த மாதிரி படுத்திருந்த நாய் எழுந்து 'எனக்கு ஒரு முத்தம் குடு'ன்னு வாய் திறந்து பேசிடும். விசுவாசம் பாசம் எல்லாம் கரெக்டா கட்டிட்டு வந்து, ஒரு டயலாக்ல விட்டுட்டாங்க. அப்புறம் கொஞ்ச நாள்லயே ப்ளூட்டோவை பேச வைக்கிறதை கைவிட்டாங்க, அது எவ்வளவு நல்ல முடிவுன்னு பசை பேப்பர் சீனை பாத்தா புரியும். பேச்சு இல்லாததால எல்லாமே கண்ணு, காது, புருவம் வழியா தானே வந்தாகணும்.

இது எனக்கு வேலையில எங்க உதவுச்சுன்னா, வெளிநாட்டு குழந்தைங்க சீரியல் ஒண்ணு பண்ணிட்டு இருந்தோம், கட்அவுட் ரிக் வேலை, அதாவது தனித்தனி பாகமா கோத்த பொம்மையை கம்ப்யூட்டர்ல அசைக்கிறது. ஸ்கூல் விட்டு வர்ற பையனுக்காக வாசப்படியில நாய் காத்திருக்கிற ஷாட். டீம்ல ஒரு பொண்ணு பண்ணியிருந்தா, சுத்தமான வேலை, ஆனா ஷாட் முழுக்க வால் ஆடிட்டே இருக்கு, நடுவுல திரும்பத் திரும்ப வர்ற கண் சிமிட்டல் வேற. வாலை நிறுத்திடும்மான்னு சொன்னேன். "அண்ணா, வால் ஆடலைன்னா ஷாட் செத்துடுமேண்ணா, க்ளையன்ட் திருப்பி அனுப்பிடுவாங்க"ன்னா. அவ பயம் நியாயமானது தான், டிவி வேலையில ஹோல்டுன்னாலே, அதாவது பாத்திரம் அசையாம நிக்கிறதுன்னாலே எல்லாருக்கும் பயம், எதையாவது அசைச்சுட்டே இருக்கணும்னு பழக்கிட்டாங்க. உக்காந்து பசை பேப்பர் சீனை ரெண்டு பேரும் தள்ளிப் பாத்தோம். அந்த நாய் நிக்கிற இடம் ஏன் சாகலை? நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காரணம் இருக்கு, நின்னதுக்கு அப்புறம் ஒரு முடிவு இருக்கு, நடுவுல கண்ணு வேலை பாக்குது. காரணமும் முடிவும் இல்லாம ஃப்ரேமை நிறுத்தினா தான் செத்த ஹோல்ட்.

அதுக்கப்புறம் ஷாட்டை இப்படி மாத்தினோம். தலை முன்னங்கால் மேல, ஒண்ணும் அசையல. தெருவுல ஏதோ சத்தம், ஒரு காது மட்டும் திரும்புது. வேற யாரோ, காது மறுபடி விழுது. திரும்ப ஒரு சத்தம், இப்போ காது நிக்குது, கண்ணு திறக்குது, தலை மெதுவா எழுது, அப்படியே ஒரு பதினாறு ஃப்ரேம், ஒரு செகண்டுக்கும் கம்மி. இன்னும் பையன் ஃப்ரேமுக்குள்ள வரல. வால் நுனி ஒரு தட்டு, ரெண்டு தட்டு, அப்புறம் தான் மொத்த உடம்பும். வீட்டுல நாய் வளக்கிறவங்களுக்கு தெரியும், அது முதல்ல கேக்கும், அப்புறம் தான் பாக்கும். ஷாட் கரெக்‌ஷனே இல்லாம பாஸ் ஆச்சு. அந்த நாய் பையன் மேல உயிரா இருக்குன்னு காட்ட வாலை விட அந்த காது போதும்.

1941ல ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எடுத்த 'சல்லிவன்ஸ் ட்ராவல்ஸ்' படத்துல சங்கிலி போட்ட கைதிகளை சர்ச்சுக்கு கூட்டிட்டு வந்து படம் போட்டு காட்டுவாங்க. அவங்க பாத்து வயிறு வலிக்க சிரிக்கிறது இதே 'ப்ளேஃபுல் ப்ளூட்டோ' தான். தப்பிச்ச கைதியை துரத்துற நாயா பிறந்த பாத்திரம் பதினோரு வருஷம் கழிச்சு கைதிகளுக்கு ஒரு ராத்திரி நிம்மதி குடுக்குது, இதை எப்போ நினைச்சாலும் எனக்கு மனசு நிறைஞ்சிடும்.

ஒரே ஒரு வருத்தம். அந்த காலத்து டிஸ்னி குறும்படங்கள்ல வரைஞ்சவங்க பேரு திரையில வராது. பசை பேப்பர் ஐடியாவை உருவாக்கின வெப் ஸ்மித் பேரும், ஃபெர்குசன் பேரும் படத்துல கிடையாது, டிஸ்னியிலயே வேலை பாத்த ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981ல எழுதின புத்தகம் மாதிரியான இடங்கள்ல தான் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது தெரிய வந்துச்சு. ஃபெர்குசன் 1957லயே போய்ட்டார். க்ளீன்அப்ல இருந்து வந்தவன்ங்கிறதால இது எனக்கு ரொம்ப வலிக்கும். இன்னைக்கும் நம்ம ஊர்ல உக்காந்து பண்ற எபிசோடுக்கு கடைசியில கம்பெனி பேரு மட்டும் ஒரு வரி ஓடும், அவ்வளவு தான். ஒவ்வொரு எபிசோடு டெலிவரிக்கும் எந்த ஷாட் யார் பண்ணதுன்னு ஒரு லிஸ்ட் சேர்த்து தான் அனுப்பறேன், போடச் சொல்லி கேட்டுட்டும் இருக்கேன். இதுவரைக்கும் போடல. அடுத்த சீசன் காண்ட்ராக்ட் பேசும்போது அதை ஒரு கண்டிஷனாவே வைக்கணும்னு மேலதிகாரிங்ககிட்ட சொல்லியிருக்கேன், காது திருப்பின அந்த பொண்ணு பேரு அதுல வரணும்.