சும்மாடு சுற்றிய வேர்

மார்ச் 2

மான்ஸ்டெராவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அகன்ற இலைகளில் ஓட்டையும் வெட்டுமாக இருக்கும் வீட்டுக் கொடி அது. ஐந்து எண்ணுவதற்குள் அத்தனையும் அடித்தட்டுக்கு வந்துவிட்டது. விரலை விட்டுப் பார்த்தால் மண் உள்ளே காய்ந்துதான் கிடக்கிறது. தண்ணீர் தொட்டியின் ஓரமாகவே வழிந்து இறங்கியிருக்கிறது. தூக்கி அடியைப் பார்த்தேன். நான்கு ஓட்டைகளிலும் வேர் எட்டிப் பார்க்கிறது, ஒன்றில் சுண்டுவிரல் தடிமனுக்கு.

தொட்டி போதவில்லை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக வந்த இரண்டு இலைகளும் மூத்த இலைகளைவிடச் சிறியவை. ஒன்றில் ஓட்டையே இல்லை, ஓரத்தில் இரண்டு கீறல் மட்டும். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஜன்னலை ஒட்டி நகர்த்தி வைத்ததோடு சரி. 8 அங்குலத் தொட்டியில் இரண்டு வருடமாக நிற்கிறது என்பது நினைவுக்கே வரவில்லை.

மார்ச் 3

வீட்டில் 14 அங்குலத் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. பார்த்ததும் கை பரபரத்தது. ஆனால் இதே ஆசையில்தான் முன்பு ஃபிலோடெண்ட்ரான் என்ற இன்னொரு வீட்டுச் செடியைக் கொன்றேன். வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று பிள்ளைக்குத் தொளதொளச் சட்டை எடுப்பது போல. சட்டை பெரிதானால் கேலியோடு போய்விடும். தொட்டி பெரிதானால் வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். காற்று போகாத ஈரத்தில் வேர் மூச்சு முட்டி அழுகும். மேலே இலை மஞ்சளாகும். நாமோ தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றுவோம்.

அதனால் 10 அங்குலம். கனமான மண் தொட்டிதான். தலை கனத்த செடி இது, பிளாஸ்டிக்கில் வைத்தால் ஒரு நாள் குப்புற விழும்.

அடியில் கூழாங்கல் பரப்பும் பழக்கத்தையும் இந்த முறை விட்டுவிட்டேன். கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்றுதான் எல்லோரும் செய்கிறோம். பொடி மண்ணிலிருந்து பெரிய கற்களுக்கு நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்கான இடம் குறைந்ததுதான் மிச்சம். மண் கொட்டாமலிருக்க ஓட்டை மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும்.

மார்ச் 9

இன்று மாற்றியாயிற்று. காலையில் தொடங்கி மதியம் வரை இழுத்தது.

நேற்றே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன், ஈர வேர் சட்டென்று ஒடியாது. கலவை: இரண்டு பங்கு தென்னை நார்த்தூள், ஒரு பங்கு பட்டைச் சில்லு, ஒரு பங்கு பெர்லைட் (மண்ணில் காற்றோட்டத்துக்குச் சேர்க்கும் லேசான வெள்ளைக் கல்), இரண்டு கை மண்புழு உரம். காட்டில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி இது. களிமண் போலக் கெட்டியான மண் இதற்கு ஆகாது.

செடி வெளியே வர மறுத்தது. பக்கவாட்டில் படுக்க வைத்துத் தட்டினேன், அமுக்கினேன், ஓரமாகக் கத்தியை விட்டுச் சுற்றினேன். கடைசியில் பிளாஸ்டிக் தொட்டியையே கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியதாயிற்று. உரித்ததும் உள்ளே தொட்டியின் அச்சு அப்படியே வேரால் வார்த்தது போல நின்றது. அடியில் மட்டும் தடித்த வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து, தலையில் வைக்கிற சும்மாடு போல வட்டமாகச் சுருண்டிருந்தன. வெளிறிய பழுப்பு நிறம். கிள்ளிப் பார்த்தேன், திடமாக இருந்தன; மழமழவென்று வழுக்கிய மூன்று மட்டும் கறுத்து நாறின. அவற்றை வெட்டினேன். சும்மாட்டை விரலால் பிரித்து, பிரியாததை விட்டுவிட்டேன்.

நடுவில் ஓர் ஆச்சரியம். ஒரே செடி என்று இத்தனை நாள் நினைத்திருந்தது இரண்டு செடி. தண்டுகள் தனி, வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. பிரிப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிரித்தால் பாதி வேர் போய்விடும். சேர்ந்தே இருக்கட்டும்.

அப்புறம் அந்த விபத்து. வேர்க்கட்டியைத் தூக்கிப் புதுத் தொட்டிக்குள் வைக்கும்போது பின்னால் நாற்காலி இருப்பதைக் கவனிக்கவில்லை. திரும்பினேன், ‘டக்’ என்று ஒரு சத்தம். இருப்பதிலேயே பெரிய இலை, காம்போடு முறிந்து தோலில் தொங்கியது. கையில் வழிந்த சாற்றைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

நடும்போது ஒன்றைக் கவனித்து வைத்தேன். இந்தச் செடிக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. இலைகள் ஒரு பக்கம் முகம் காட்டும், விழுதுகள் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்து கிளம்பும். தென்னை நார் சுற்றிய கம்பை முதுகுப் பக்கம்தான் நட வேண்டும். போன முறை முன்பக்கம் நட்டுவிட்டு, ஏன் பற்றவில்லை என்று செடியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறுவதற்கு மரம் தேடும் விதத்தில் இந்த இனமே விசித்திரம்தான். இதன் உறவுக்கார வகை ஒன்றின் நாற்றுகள் வெளிச்சத்தை விட்டு இருட்டை நோக்கி ஊர்ந்து போகும் என்று 1975இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. காட்டில் இருட்டு தெரிகிற திசையில் பருத்த மரத்தின் அடி இருக்கும், அவ்வளவுதான் கணக்கு.

நீண்ட விழுதுகள் இரண்டை வளைத்து மண்ணுக்குள் விட்டேன். எட்டாததைக் கம்போடு கட்டினேன்.

முறிந்த இலையைக் கண்ணாடிக் குவளையில் வைத்தாயிற்று. அக்கா பார்த்துவிட்டு, “வேர் விடுமா?” என்றாள். விடாது. கணு இல்லாத வெறும் காம்பு. அழகுக்குச் சில வாரம் நிற்கும்.

மார்ச் 10

மணிக்கட்டு அரிக்கிறது. நேற்றைய சாறுதான். சேம்புக் குடும்பத்துச் செடி, ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் உள்ளே இருக்கும். கையுறை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

செடி துவண்டு நிற்கிறது. இலைகள் எல்லாம் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டிருக்கின்றன. நேற்று நட்டதும் வடியும்வரை ஊற்றியது போதும். ஒன்றும் செய்யப்போவதில்லை.

மார்ச் 14

அக்கா ஒரு சொம்பு ஊற்றியிருக்கிறாள். “பாவம், தலை தொங்கிப் போச்சுடா.” சண்டை போடவில்லை. தட்டில் நின்றதைக் கொட்டினேன்.

மார்ச் 20

அடி இலை ஒன்று மஞ்சள். மற்றவை நிமிர்ந்துவிட்டன. இரண்டு அங்குல ஆழம்வரை காய்ந்திருந்தது, இன்றுதான் நான் தண்ணீர் ஊற்றினேன். ஓரமாக ஓடாமல் மெதுவாக இறங்கியது. சில நொடி கழித்துத்தான் தட்டில் முதல் சொட்டு. உரம் இப்போதைக்குக் கிடையாது, காயம் ஆறட்டும்.

மார்ச் 31

உயரமான தண்டின் உச்சியில், கடைசி இலைக்காம்பின் உறை புடைத்திருக்கிறது. விரலால் தடவினால் உள்ளே கூராக ஒன்று தட்டுப்படுகிறது. குருத்து!

ஏப்ரல் 13

வாழைக் குருத்து போலச் சுருண்டு, இளம்பச்சையில், கிட்டத்தட்ட என் முழங்கை நீளம். சுருளின் ஓரத்தில் இப்போதே வெட்டுகள் தெரிகின்றன. விரிந்த பிறகு இலை கிழிவதில்லை. மொட்டுக்குள் மிகச் சிறிதாக இருக்கும்போதே குறிப்பிட்ட இடங்களில் செல்கள் தாமாகவே இறந்து ஓட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஏன் இந்த ஓட்டை என்பதற்குக் கிறிஸ்டோபர் மியூர் என்ற ஆய்வாளர் 2013இல் ஒரு விளக்கம் சொன்னார். அடர்காட்டின் தரையில் வெயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழும். அதே அளவு இலையை ஓட்டை விட்டு அகலமாகப் பரப்பினால், மொத்த வெளிச்சம் கூடாவிட்டாலும் ஏதாவது ஒரு பொட்டு வெயில் தவறாமல் கிடைத்துக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்த விளக்கம் இதுதான். காற்றுக்கும் மழைக்கும் வழிவிடத்தான் என்று வேறு விளக்கங்களும் உண்டு.

பிரித்துவிடக் கை துறுதுறுத்தது. தொடவில்லை.

ஏப்ரல் 19

விரிந்துவிட்டது. ஒரு பக்கம் ஐந்து வெட்டு, மறுபக்கம் ஆறு. நடுநரம்பை ஒட்டி இரண்டு சிறு ஓட்டை. முறிந்த இலையைவிடச் சற்றுச் சிறியதுதான். தொட்டால் இன்னும் ஈரத்துணி போலத் தளதளவென்று இருக்கிறது.

குவளையில் இருந்த இலையின் காம்பு நுனி கொழகொழத்துவிட்டது. அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “நிஜமாவே வேர் வரல” என்று அவளே உரக்குழியில் போட்டாள்.

மாலையில் பார்த்தால் புது இலை காம்பின் மூட்டில் திரும்பி ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. எங்களுக்கு முதுகுதான் தெரிகிறது. தொட்டியைக் கால் சுற்று திருப்பி வைத்தேன்.