டோரலில் ஒரு அரேப்பாக் கடை

மயாமிக்குப் போகிறவர்கள் நேராகக் கடற்கரைக்குத்தான் போவார்கள். நாங்கள் விமான நிலையத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் இருக்கும் டோரலுக்குப் போனோம். சாப்பாட்டுக்காக மட்டும்தான். 2003இல் தனி நகரமான ஊர் அது. கிடங்கு, அலுவலகம், அகலமான சாலை, இவற்றைத் தவிரப் பார்க்க ஒன்றும் கிடையாது. ஆனால் அங்கே வசிப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெனிசுவேலாக்காரர்கள். ‘டோரல்சுவேலா’ என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த நாட்டை விட்டு வெளியேறியவர்கள் 70 லட்சத்துக்கும் அதிகம். போன இடமெல்லாம் அரேப்பாக் கடை முளைத்துவிட்டது. சோளமாவில் தட்டிச் சுட்டு, பிளந்து உள்ளே எதையாவது அடைத்துத் தின்னும் ரொட்டிதான் அரேப்பா.

நாங்கள் போனது துணி வெளுக்கும் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் இருந்த சின்ன இடம். பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் டிவி, அதில் பேஸ்பால். தென் அமெரிக்கா என்றால் கால்பந்து என்று நினைப்போம். வெனிசுவேலாக்காரர்களுக்கு உயிர் பேஸ்பால்தான். கல்லாவில் இருந்த அம்மா வருகிற எல்லோரையும் ‘மி அமோர்’ (என் அன்பே) என்றுதான் கூப்பிட்டார், தாடி வைத்த லாரி டிரைவர் உட்பட.

அடுப்பு கல்லாவுக்குப் பின்னாலேயே இருந்ததால் வேலையை நன்றாகப் பார்க்க முடிந்தது. சோளமாவு, வெதுவெதுப்பான தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். மாவை உருட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டித் தட்டித் திருப்பினான் ஒரு பையன். ஓரம் வெடித்தால் விரலைத் தண்ணீரில் தொட்டு நீவிவிடுகிறான். பிறகு ‘புதாரே’ என்கிற வட்டக் கல்லில் போட்டு இரண்டு பக்கமும் லேசாகக் கருகும்வரை விட்டான். அங்கிருந்து ஓவனுக்குள். வெளியே எடுத்ததும் விரல் கணுவால் ஒரு தட்டு. உள்ளே காலியாக இருப்பது போல ‘டொக்’ என்று சத்தம் வந்தால் வெந்துவிட்டது. வராத ஒன்றை மறுபடி உள்ளே தள்ளினான். கடிகாரம் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இந்த வேகமெல்லாம் 1960க்கு அப்புறம் வந்தது. அதற்கு முன் சோளத்தை மர உரலில் குத்தி, வேகவைத்து, அரைத்துத்தான் அரேப்பா. பெண்களுக்கு முதுகு ஒடியும் வேலை. அந்த ஆண்டு போலார் என்கிற பீர் கம்பெனி, முன்கூட்டியே வேகவைத்த சோளமாவை ‘பான்’ என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. மஞ்சள் பாக்கெட், அதில் தலையில் புள்ளிபோட்ட சிவப்புத் துணி கட்டிய பெண். கடையின் அலமாரி முழுக்க அதுதான். நாட்டில் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலத்தில் இந்த மாவுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

மெனுவில் கண் முதலில் போவது ‘ரெய்னா பெபியாதா’ மேல்தான். கோழி, அவகாடோ, மயோனெய்ஸ் மூன்றையும் பிசைந்து அடைத்தது. 1955இல் உலக அழகிப் பட்டம் வென்ற சுசானா துய்ம், லத்தீன் அமெரிக்காவிலிருந்து அதை வென்ற முதல் பெண். அவரைக் கொண்டாட, தலைநகர் கராகஸில் கடை வைத்திருந்த சகோதரர்கள் உருவாக்கியது இது. நான் அதையே ஆர்டர் செய்தேன். மனைவி சைவம், அதனால் ‘தோமினோ’: கறுப்பு பீன்ஸும் துருவிய வெள்ளைச் சீஸும். இரண்டும் வருவதற்குள் பக்கத்து மேசைப் பெரியவர் எங்களைப் புதியவர்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். அவர் தட்டில் இருந்தது வெறும் அரேப்பாவும் வெண்ணெயும். “முதலில் இதைத் தின்று பாருங்கள். இது சரியில்லை என்றால் உள்ளே எதை வைத்தாலும் வீண்” என்று பாதியைப் பிய்த்து நீட்டினார். வெளியே மொறுமொறு, உள்ளே ஆவி பறக்கும் ஈரம், கொஞ்சம் உப்பு, சோளத்தின் இனிப்பு. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ரெய்னா பெபியாதா நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மயோனெய்ஸ் தூக்கல். ஜெயித்தது தோமினோதான். பீன்ஸின் குழைவும் சீஸின் உப்பும் அந்த மொறுமொறுப்பை மூடாமல் விட்டன. மேலே ‘குவாசகாகா’ ஊற்றிக்கொள்ள வேண்டும். அவகாடோ, கொத்தமல்லி, பூண்டு, வினிகர் சேர்த்து அரைத்த பச்சைச் சாஸ். சைவக்காரர்கள் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சில இடங்களில் பீன்ஸைப் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பார்கள்.

அப்புறம் தெக்கேன்யோ. வெள்ளைச் சீஸ் குச்சியைச் சுற்றி மாவை நாடா போலச் சுற்றிப் பொரித்தது. அவர்கள் கல்யாணத்தில் இது இல்லாமல் இருக்காதாம். சூடாக இருக்கும்போது அவசரப்பட்டால் நாக்கு போய்விடும். மரக்காய்போ ஊர்ப் பாணி ‘பத்தகோன்’ வாங்கியதுதான் சுமார். ரொட்டிக்குப் பதில் பச்சை வாழைக்காயை நசுக்கிப் பொரித்து, நடுவில் இறைச்சி வைக்கிறார்கள். சாஸை அள்ளிக் கொட்டியதில் வாழைக்காய் நமத்துப்போய் கையில் எடுக்கவே வரவில்லை.

வெனிசுவேலா நகரங்களில் இரவில் வண்டிக்கடைகள் வரிசை கட்டும் இடத்துக்குப் ‘பசித் தெரு’ என்று பெயர். ஹாட்டாக் அங்கே பிரபலம்: முட்டைக்கோஸ், வெங்காயம், மெல்லிய உருளைக்கிழங்குக் குச்சிகள், நாலைந்து சாஸ். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை அதைச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து நாங்கள் கேட்கவில்லை, சட்டையைக் காப்பாற்ற வேண்டுமே.

குடிக்க ‘பப்பெலோன் கோன் லிமோன்’. வெல்லத்தைக் கரைத்து எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்டது. சுக்கும் ஏலக்காயும் இல்லாத பானகம், வேறொன்றுமில்லை. மனைவி இரண்டாவது டம்ளரும் கேட்டார்.

“அரேப்பா கொலம்பியாவிலும் உண்டுதானே?” என்று அந்தப் பெரியவரிடம் வாயைக் கொடுத்தேன். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்தே இரண்டு பக்கமும் இருக்கிற பண்டம்தான். ஆனால் அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பிளந்து அடைப்பதுதான் அரேப்பா, கொலம்பியாக்காரர்கள் போல மேலே வைப்பதெல்லாம் கணக்கில் சேராது என்று ஆரம்பித்தார். கல்லா அம்மாவும் சேர்ந்துகொண்டார். பேஸ்பால் சத்தத்தைக் குறைத்தார்கள். எங்களுக்கு இன்னொரு தட்டு தெக்கேன்யோ சொல்ல வேண்டியதாயிற்று.