யாருக்குப் பொருந்தும்: ஓர் ஊதிய ஒப்பந்தத்தின் நாட்குறிப்பு

2019 பிப்ரவரி 9, சனி

கோரிக்கை மனுவை இன்று நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டோம். பழைய ஒப்பந்தம் டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளர்கள் 212 பேர். மூன்று வருடத்துக்கு, மாதச் சம்பளத்தில் 12,000 ரூபாய் உயர்வு கேட்டிருக்கிறோம்.

வெளியே வந்ததும் எல்லோரும் விசாரித்தது அந்தத் தொகையைத்தான். எனக்கு இரண்டாவது கோரிக்கைதான் உயிர்: உயர்வின் பெரும்பகுதி அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் சேர வேண்டும். வீட்டு வாடகைப்படி, சலவைப்படி என்று எத்தனை பேரில் கொடுத்தாலும் அது அந்த மாதச் செலவோடு போய்விடும். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையும் பி.எஃப்.பும் விடுப்புச் சம்பளமும் அடிப்படையைப் பிடித்துத்தான் வளரும்.

போன தடவை பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லை. கடைசிக் காகிதம் மட்டும்தான் மிஞ்சியது. அதனால் இந்த முறை சங்கத்தின் இணைச் செயலாளர் என்கிற முறையில் நானே எழுதுகிறேன்.

மார்ச் 14, வியாழன்

மூன்றாவது சுற்று. நிர்வாகம் தன் பங்குக்கு ஒரு பட்டியல் நீட்டியது. முதல் வரியே, தகட்டை டை என்ற அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மணிக்கு 52 பீஸை 56 ஆக்க வேண்டும் என்பது. போன வாரம் ஸ்டாப்வாட்சோடு ஒரு பையன் லைனில் நின்றது எதற்கென்று இப்போது புரிகிறது.

52 என்றால் ஒரு பீஸுக்கு 69 விநாடி. 56 என்றால் 64. ஐந்து விநாடிதானே என்றார்கள். அந்த 69 விநாடியில் நடப்பது இது: தகட்டை எடுத்து டையில் உட்கார வைக்கணும். கையை முழுசாக வெளியே எடுத்து இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கணும். மேலிருந்து அழுத்தும் ராம் இறங்கி ஏறியதும் பீஸை எடுத்து ஓரத்தில் பிசிறு நிற்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து ட்ரேயில் அடுக்கணும். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கினால் துடைப்பதும் இதற்குள்ளேதான். ஐந்து விநாடியைப் பிடுங்கினால் முதலில் போவது அந்தத் தடவல். அப்புறம் பீஸ் ரிஜெக்ட் ஆனால் மெமோ நமக்குத்தான் வரும்.

ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் லைனில் மாற்றி விட ஆள் கிடையாது. ரிலீவர் வேண்டும் என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று மட்டும் பதில்.

ஏப்ரல் 3, புதன்

இருதரப்புப் பேச்சு நகரவில்லை. 5,500-க்கு மேல் ஏற மாட்டோம் என்கிறார்கள். தொழில் தகராறு எழுப்பி மனு போட்டிருந்தோம், இன்று தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், தொழிலாளர் துறை அலுவலகத்தில், சமரசப் பேச்சு தொடங்கியது. 18-ஆம் தேதி வாக்குப்பதிவு என்பதால் அதிகாரிகள் தேர்தல் வேலையில் இருக்கிறார்கள், அடுத்த தேதி மே மாதத்தில்தான்.

தாமதம்தான், ஆனாலும் ஒரு பலன் உண்டு. சமரசம் நிலுவையில் இருக்கும்போது தகராறுக்குரிய பணி நிலைமைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று தொழில் தகராறு சட்டத்தின் 33-வது பிரிவு சொல்கிறது. 56 பீஸ் நோட்டீஸ் பலகையிலிருந்து இறங்கிவிட்டது.

ஏப்ரல் 27, சனி

1918-ல் இதே தேதியில்தான் பெரம்பூரில் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. 101 வருடம் கழித்து நாம் ஐந்து விநாடிக்கும் ஒன்றுக்குப் போகும் நேரத்துக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆலை நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடும் என்ற நிலையில் எழுந்த கோரிக்கைதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்தது. சந்தா ரசீது புத்தகத்தில் பதிவு எண் எழுதும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைப்பு வரும்.

மே 31, வெள்ளி

பிரஸ் ஷாப் பெரியண்ணன் இன்று ஓய்வு பெற்றார். 1993-ல் சேர்ந்தவர், 26 வருடம். எனக்கு டை மாற்றக் கற்றுக் கொடுத்தவர். மாலை, சால்வை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கேட்டார்: "ஒப்பந்தம் போட்டா எனக்கும் வருமாடா?"

ஜனவரி 1-லிருந்து அமல், நிச்சயம் வரும் அண்ணே என்றேன். அந்த வார்த்தையை எந்தக் காகிதத்தை வைத்துச் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்த பிறகு யோசிக்கிறேன்.

ஜூன் 19, புதன்

செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் காய்ந்து கிடக்கின்றன. கேன்டீனில் லாரித் தண்ணீர், கை கழுவ அளந்து ஊற்றுகிறார்கள். கார் விற்பனை சரிந்து ஆர்டர் குறைகிறது என்று நிர்வாகம் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறது. சரிவு பொய்யில்லை, டெஸ்பாட்ச் யார்டைப் பார்த்தாலே தெரிகிறது.

முதல் ஷிப்ட் முடிந்து வாயிற்கூட்டம். முன்னால் இருந்தவை இரண்டு. 8,500 ரூபாய், அதில் 30 சதவீதம் மட்டும் அடிப்படை, பஞ்சப்படியில். இது நிர்வாகம் கொடுப்பது. 8,000 ரூபாய், அதில் 60 சதவீதம். இது நாங்கள் இறங்கி வந்து கேட்பது.

"ஏன்ணே 500 ரூபாயை விடணும்? பி.எஃப். வேற அதிகமா பிடிப்பாங்க. எனக்கு மாசா மாசம் வாடகை கட்டணும்" என்று அசெம்பிளியில் இருக்கும் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 8,500-ல் 30 சதவீதம் 2,550. 8,000-ல் 60 சதவீதம் 4,800. பி.எஃப். பிடித்தம் 576 ஆகும், 306 அல்ல. கைக்கு வருவது குறையும்தான். ஆனால் பிடிக்கிற அளவுக்கு நிர்வாகமும் போட வேண்டும். அடுத்த ஒப்பந்தம் பேசும்போது படியை மாற்றி அமைக்கலாம், அடிப்படையில் கை வைப்பது லேசில்லை.

வாக்கெடுப்பில் 137 பேர் எங்கள் பக்கம், 52 பேர் எதிர்ப்பு. அந்தத் தம்பி எதிர்த்துத்தான் கை தூக்கினான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. 26 வயதில் பணிக்கொடை யார் கண்ணுக்குத் தெரியும்?

ஜூலை 10, புதன், இரவு

தொகை முடிந்துவிட்டது. 8,000: முதல் வருடம் 4,000, அடுத்த இரண்டு வருடமும் 2,000 வீதம், ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் அடிப்படையில். பீஸ் கணக்கு 54-ல் நின்றது, 20 பேருக்கு ஒரு ரிலீவர், அதுவும் நிரந்தரத் தொழிலாளியாக. கை குலுக்கிவிட்டு டீ குடித்தோம்.

அப்புறம் வரைவு வந்தது. மூன்றாவது பத்தியில் ஒரு வரி: "இவ்வொப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் பணியில் உள்ள நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டுமே பொருந்தும்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜனவரியிலிருந்து நான்கு பேர் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். மார்ச்சில் ஹீட் ட்ரீட்மென்ட்டில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். ஐந்து மாதமோ இரண்டு மாதமோ உழைத்தவர்களை இந்த ஒரு வரி வெளியே தள்ளிவிடும்.

மூன்று மணி நேரம் இதையேதான் பேசினோம். "ஐந்து பேருக்காக மொத்தத்தையும் நிறுத்துவீங்களா?" என்று கேட்டார்கள். நிறுத்துவோம் என்றார் தலைவர். எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். கடைசியில் வருகை ஊக்கத்தொகையின் 300 ரூபாய் உயர்வை ஜனவரிக்குப் பதில் ஆகஸ்டிலிருந்து வாங்கிக்கொள்கிறோம் என்று விட்டுக் கொடுத்தோம். வரி மாறியது: "01.01.2019 அன்று பணியில் இருந்த..."

ஜூலை 12, வெள்ளி

சமரச அலுவலர் முன்னிலையில், தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவுப்படி ஒப்பந்தமாகக் கையெழுத்து. நிர்வாகம், இரு தரப்பும் தனியே போட்டுக்கொள்ளும் 18(1) போதும் என்றது. 18(1) கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டும். 12(3) என்றால் சங்கத்தில் சேராதவர்களுக்கும், நாளை சேரப் போகிறவர்களுக்கும் சேர்த்துப் பொருந்தும்.

நீம் என்ற மத்திய அரசின் வேலைத்திறன் பயிற்சித் திட்டத்தில் வந்த பயிற்சியாளர்கள் 90 பேர் நம் பக்கத்திலேயே அதே 54 பீஸ் அடிக்கிறார்கள். அவர்களுக்கு இதில் ஒரு வரி இல்லை. கேட்டோம், அவர்கள் தொழிலாளர்களே அல்ல என்ற பதிலைத் தாண்ட முடியவில்லை. இது என்னை உறுத்துகிறது.

ஆகஸ்ட் 7, புதன்

ஆர்டர் இல்லாததால் இந்த மாதம் நான்கு நாள் கம்பெனி மூடல் என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் தள்ளியிருந்தால் 8,000 கிடைத்திருக்காது.

பெரியண்ணன் பணிக்கொடை வித்தியாசத்தை வாங்க வந்தார். டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து செக்கின் பின்புறமே பென்சிலால் போட்டுப் பார்க்கப் போனார், பிடுங்கி வேறு தாள் கொடுத்தேன். அடிப்படையில் ஏறியது 2,400. பதினைந்தால் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் 26 வருடத்தால் பெருக்கணும். "26-க்கு 26 அடிபட்டுப் போச்சுடா" என்றார். 36,000 ரூபாய். செக்கிலும் அதுதான் இருந்தது.

ஹீட் ட்ரீட்மென்ட் அண்ணனின் செக் மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த நாமினேஷனில் அம்மா பேர்தான். அண்ணியிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். தாலுகா ஆபீஸில் பத்து மணிக்கு நிற்பதாக அவங்களிடம் போனில் சொல்லிவிட்டேன்.