நான்காம் வகுப்புக் கலிபோர்னியா: மூன்று ஆவணங்கள், ஒரே வகுப்பறை

கலிபோர்னியாவில் நான்காம் வகுப்பு என்றாலே மாநில வரலாறுதான். ஐந்தாம் வகுப்பில் அமெரிக்க நாட்டின் தொடக்கக் காலம் வந்துவிடும். அதற்கு முந்தைய இந்த ஓராண்டு முழுவதும் பூர்வகுடிகள், ஸ்பானியர் வருகை, மெக்சிக்க ஆட்சி, தங்க வேட்டை, 1850இல் மாநிலமானது, இரயில் பாதை, அணைகளும் கால்வாய்களும் என்று பாடம் சொந்த மாநிலத்தையே சுற்றி வருகிறது. மகள் அந்த வகுப்புக்குச் சென்றபின், மாநிலக் கல்வி வாரியம் வெளியிட்டுள்ள கற்றல் தரநிலைகளை, அதாவது ஒவ்வொரு வகுப்பிலும் குழந்தை கற்க வேண்டியவற்றின் பட்டியலை, வரலாறு, அறிவியல், கலை ஆகிய மூன்றுக்கும் தேடிப் படித்தேன். வரலாற்றுத் தரநிலைகள் 1998இலும், அறிவியலுக்கானவை 2013இலும், கலைக்கானவை 2019இலும் ஏற்கப்பட்டவை. அடுத்தடுத்து வைத்துப் படித்தால், இவை மூன்றும் ஒரே குழந்தைக்காக எழுதப்பட்டவை என்று நம்புவது சிரமமாக இருக்கிறது.

வரலாற்று ஆவணம் பெரும்பாலும் குழந்தையை விவரிக்கச் சொல்கிறது, அடையாளம் காணச் சொல்கிறது. ஏன் அப்படி நடந்தது, அதற்கு என்ன சான்று என்ற கேள்விகள் நான்காம் வகுப்புப் பட்டியலில் அரிதாகவே தலைகாட்டுகின்றன. பூர்வகுடிகளையும் ஸ்பானிய மிஷன்களையும் (கத்தோலிக்கத் துறவிகள் மதம் பரப்ப நிறுவிய குடியிருப்புகள்) பேசும் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முதல் உட்பிரிவு, பூர்வகுடிகள் நிலத்தைப் பண்படுத்தியும் கடல் வளத்தைப் பயன்படுத்தியும் தங்கள் சூழலை மாற்றியமைத்ததை விவரிக்கச் சொல்கிறது. அதே பகுதியில் சற்றுக் கீழே, வேட்டையாடி உணவு சேகரித்து வாழ்ந்த கலிபோர்னியாவை வேளாண் பொருளாதாரமாக மாற்றியதில் மிஷன்களை நடத்திய பிரான்சிஸ்கன் துறவிகளின் பங்கை விவரிக்கச் சொல்கிறது. நிலத்தைப் பண்படுத்தி வந்தவர்களுக்கு வேளாண்மையைத் துறவிகள்தான் கொண்டுவந்தார்கள் என்றால் எப்படி என்று ஒரு குழந்தை கேட்டால், அதற்கு அந்த ஆவணத்தில் பதிலில்லை. எனக்கென்னவோ, அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடமே தொடங்க வேண்டும் என்று படுகிறது.

1769இல் சான் டியேகோவில் தொடங்கி 1823இல் சொனோமாவில் முடிந்த 21 மிஷன்களில் ஒன்றைச் சர்க்கரைக் கட்டிகளாலோ அட்டையாலோ மாதிரியாகச் செய்து வருவது, பல தலைமுறைகளாக நான்காம் வகுப்பின் சடங்காகவே இருந்தது. (அதில் பாதிக்குமேல் பெற்றோரின் கைவேலை என்பது ஊரறிந்த ரகசியம்.) தொற்றுநோயாலும் கட்டாய உழைப்பாலும் பூர்வகுடிகள் பெருமளவில் மடிந்த இடங்களை அலங்கார மாதிரிகளாகச் செய்யவைப்பதில் பொருளில்லை என்பதை உணர்ந்து, 2016இல் வந்த திருத்திய பாடச் சட்டகம் அந்தப் பழக்கத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. இருந்தாலும் சட்டகம் ஆசிரியருக்கு வழிகாட்டி மட்டுமே. 1998ஆம் ஆண்டின் தரநிலைகள் எழுத்து மாறாமல் அப்படியே நிற்கின்றன. ஆசிரியர் கையில் பழைய கட்டளையும் புதிய அறிவுரையும் ஒருசேர இருக்கின்றன.

அறிவியல் பக்கம் வந்தால் காற்றே வேறாக வீசுகிறது. நீர், காற்று, பனி, தாவரம் ஆகியவற்றால் பாறையும் மண்ணும் தேய்வதற்கும் அரிக்கப்படுவதற்கும் குழந்தையே அளந்து சான்று காட்ட வேண்டும் என்பது நான்காம் வகுப்பின் ஓர் எதிர்பார்ப்பு. இதற்காக மகள் ஒரு நீண்ட தட்டில் ஈர மணலைப் பரப்பி, ஒரு முனையைப் புத்தகங்களால் உயர்த்தி, அடியில் துளையிட்ட கோப்பையிலிருந்து நீரைச் சொட்டவிட்டாள். அடுத்த முறை சரிவை மட்டும் கூட்டினாள். நீரின் அளவை மாற்றவில்லை. ஓடை வெட்டிய பள்ளத்தின் ஆழத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டாள். அடிவாரத்தில் படிந்த மணல் விசிறிபோல் விரிந்ததைத் தனியாக வரைந்தும் வைத்தாள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மாலகாஃப் டிகின்ஸ் என்ற பழைய தங்கச் சுரங்கப் பகுதி. தங்க வேட்டையின் தொடக்க ஆண்டுகள் கடந்தபின், கலிபோர்னியாவுக்குள்ளேயே இருக்கும் நெவாடா கவுண்டியின் (மாவட்டத்தின்) மலைச்சரிவுகளை உயர் அழுத்த நீர்ப்பீரங்கிகளால் கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். கரைந்த மண் யூபா ஆற்றில் இறங்கிப் படுகையை மேடாக்கியதால், கீழே மேரிஸ்வில் பக்கத்து வயல்களில் வெள்ளமும் சேறும் புகுந்தன. உழவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1884இல் நீதிபதி லொரென்சோ சாயர் ஆறுகளில் கழிவு மண்ணைக் கொட்டுவதற்குத் தடை விதித்தார். மகளின் தட்டில் நடந்தது அங்கே ஒரு மலைக்கே நடந்தது. ஆனால் வரலாற்றுப் பாடத்தில் தங்க வேட்டை ஒரு பருவத்திலும், அறிவியலில் மண்ணரிப்பு வேறொரு பருவத்திலும் வந்துபோகின்றன. ஆரம்பப் பள்ளியில் பெரும்பாலும் இரண்டையும் நடத்துபவர் ஒரே ஆசிரியர்தான் என்பதால், இந்தப் பிரிவினை எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

கலைத் தரநிலைகளை எதிர்பார்ப்பில்லாமல் திறந்தேன். மூன்றில் எனக்கு அதிகம் பிடித்துப்போனது அதுதான். நடனம், இசை, நாடகம், காட்சிக்கலை, ஊடகக்கலை என்ற ஐந்து துறைகளிலும் படைப்பதோடு நிறுத்தாமல், பார்த்து எதிர்வினையாற்றவும் வாழ்வோடு தொடர்புபடுத்தவும் கேட்கிறது. ஒரு கலைப்பொருளை உற்றுநோக்கி, அது உருவான காலம், இடம், பண்பாடு ஆகியவற்றை ஊகித்தறிய வேண்டும் என்பது அதில் ஒன்று. வட கலிபோர்னியப் பூர்வகுடிகளான போமோ மக்களின் கூடை ஒன்றை இந்த எதிர்பார்ப்போடு மேசையில் வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நீர் கசியாத அளவுக்கு நெருக்கமாக முடைந்த கூடையில் சுட்ட கற்களை இட்டு ஓக் கொட்டைக் கஞ்சி காய்ச்சியது வெப்பம் கடத்தப்படுவதற்கான பாடம். நல்ல நாருக்காகக் கோரைப்புல் வளரும் இடங்களைப் பேணிவந்தது நிலத்தைப் பண்படுத்தியதற்கான சான்று. மிஷன் மாதிரியைவிட அந்த ஒரு கூடை எவ்வளவோ சொல்லும்.

நடைமுறையில் நேரத்தைப் பங்குபோடுவது தேர்வுதான். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் மாநிலத் தேர்வு உண்டு. அறிவியலுக்கு ஐந்தாம் வகுப்பில் உண்டு. வரலாற்றுக்கும் கலைக்கும் கிடையாது. கலைக்காவது 2022இல் வாக்காளர்கள் பொது வாக்கெடுப்புக்கு வந்த 28ஆம் முன்மொழிவை நிறைவேற்றித் தனி நிதி ஒதுக்கவைத்தார்கள். வரலாற்றுக்கு அப்படி வாதாட யாருமில்லை. அது பிற்பகலில் மிஞ்சும் நேரத்தைத்தான் பெறுகிறது.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசப் போவதில்லை. தங்க வேட்டையையும் மண்ணரிப்பையும் ஒரே மாதத்தில் நடத்த இயலுமா என்றும், மிஷன் பகுதிக்கு ஒரு கூடையைக் கொண்டுவர உள்ளூர் அருங்காட்சியகத்தைக் கேட்கலாமா என்றும் ஆசிரியையிடம் கேட்கப் போகிறேன்.