அஞ்சு நிமிஷம்

பெரியப்பாவும் என் மச்சினனும் நேற்று பேசிக்கொண்டார்கள். யாரும் சந்தோஷப்பட வேண்டாம், சண்டை போடுகிற அளவுக்குத்தான். இருந்தாலும் மூன்று வருஷத்துக்கு மேல் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல், ரெண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டே பொங்கல், தீபாவளி, ரெண்டு காதுகுத்து எல்லாவற்றையும் கழித்தவர்கள். பெரியம்மா அந்த நம்பிக்கையில் கேசரிக்கு முந்திரி கூடவே போட்டிருந்தார்.

காரணம் ஒரே ஒரு பேர்தான். ரோலக்ஸ்.

2022 ஜூனில் 'விக்ரம்' பார்க்க நீலகிரியிலிருந்து குடும்பத்தோடு கோயம்புத்தூர் இறங்கினோம். பெரியப்பா, அருவங்காடு பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கமல் கட்சி. கட்சி என்றால் மய்யம் இல்லை, அதற்கெல்லாம் ரொம்ப முந்தியது. மச்சினன் சூர்யா கட்சி. ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் எங்காளு எப்படி, எங்காளு எப்படி என்று பெரியப்பா என் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். கடைசி அஞ்சு நிமிஷத்தில் ரோலக்ஸ் என்கிற வில்லனாகச் சூர்யா வந்தார். தியேட்டர் இடிந்து விழாத குறை. மச்சினன் சீட்டு மேல் ஏறி நின்றான். ஏறும்போது பெரியப்பாவின் மங்கி குல்லாவை மிதித்துவிட்டான்.

திரும்பி மலையேறும்போது பர்லியாறு தாண்டும்வரை வண்டியில் பேச்சே இல்லை. அப்புறம் இவன்தான் வாயைத் திறந்தான். "என்னதான் சொல்லுங்க மாமா, படமே அந்த அஞ்சு நிமிஷந்தான்."

எங்கள் வீட்டில் கோபத்தை 'ங்க'வை வைத்து அளக்கலாம். சாதாரணமாக மச்சினனைப் பெரியப்பா 'டேய் மாப்ள' என்பார். அன்றைக்குச் சொன்னது: "சரிங்க மாப்ள. நீங்க சொன்னா சரிங்க. உங்காளுதாங்க நடிச்சாரு. எங்காளு சும்மா உக்காந்திருந்தாருங்க." டிரைவர் தம்பியே வேகத்தைக் குறைத்துவிட்டான்.

அதோடு போயிருந்தாலும் ஆறிப்போயிருக்கும். அடுத்த வாரமே கமல் ஒரு ரோலக்ஸ் வாட்சைச் சூர்யாவுக்குப் பரிசாகக் கொடுத்த போட்டோ வந்தது. மச்சினன் அதைக் குடும்பக் குரூப்பில் போட்டான், கீழே ஒரே ஒரு கும்பிடு பொம்மையோடு. பெரியப்பா போன் செய்து என்னிடம் கேட்டார்: "நாப்பது வருஷமா ரசிகனா இருக்கேன். கைக்கு ஒரு டைட்டன் வந்திருக்குமாடா?" நான் என்னவோ வாட்ச் வாங்கிய கூட்டத்தில் இருந்த மாதிரி.

எங்கள் வீடு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். 2023 ஆகஸ்டில் ரஜினியின் 'ஜெயிலர்' வந்த வாரம் குன்னூர் பெட்போர்டில் நான் டீ குடிக்கும் கடைக்கு வந்திருக்க வேண்டும் நீங்கள். கடைக்காரர் கூடலூர்ப் பக்கம், மலையாளம். கேரட் லாரி ஓட்டும் அண்ணன் மைசூர்ப் பக்கம், கன்னடம். அந்தப் படத்தில் லாலேட்டனுக்கு, அதாவது மோகன்லாலுக்கு எத்தனை நிமிஷம், சிவண்ணாவுக்கு, அதாவது சிவராஜ்குமாருக்கு எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், செல்போனில் ஸ்டாப்வாட்ச் வேறு. லாலேட்டனுக்குச் சட்டை நல்ல சட்டை, வேலைதான் கம்மி என்பது கடைக்காரர் வருத்தம். சிவண்ணாவுக்கு வேலையே வேண்டாம், நடந்து வந்தாலே போதும் என்பது லாரிக்காரர் கட்சி. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. வர்க்கி தீர்ந்துபோச்சு என்றதற்கு எனக்குத் திட்டு. ஜாக்கி ஷெராஃபும் அதே படத்தில் வந்தார். அவருக்காகச் சண்டை போட இந்த மலையில் ஒருத்தர்கூட இல்லை. எனக்கு அவரை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.

இதெல்லாம் பெரிசு இல்லை என்பார் சித்தப்பா. அவர் 'குசேலன்' பார்த்தவர். 2008. போஸ்டர் பூராவும் ரஜினி, உள்ளே போனால் பசுபதி. சித்தப்பா மேட்டுப்பாளையம் வரை இறங்கிப் போய், படம் முழுக்கத் 'தலைவர் இப்ப வந்துருவாரு, இப்ப வந்துருவாரு' என்று சீட்டு நுனியிலேயே உட்கார்ந்திருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. வராமல் இல்லை, வந்தார். ஆனால் சித்தப்பா எதிர்பார்த்தது அந்த வரவு இல்லை. தியேட்டர்காரர்களே நஷ்டஈடு கேட்டுக் கிளம்பிய படம் அது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, டிக்கெட்டின் பாதித் துண்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்" என்கிறார்.

சரி, நேற்றைக்கு வருகிறேன்.

கேத்தியில் பெரியப்பா வீட்டில் பேத்தி பிறந்தநாள். அண்ணன் புதுசாகப் பெரிய டிவி வாங்கி மாட்டியிருக்கிறான், 55 இன்ச், ஜன்னலில் பாதியை மறைக்கிறது. புது டிவி, விசிஆர், டிவிடி எது வந்தாலும் அந்த வீட்டில் முதலில் ஓடுவது எது என்று சொல்லத் தேவையில்லை. 'மூன்றாம் பிறை'. அதிலும் கடைசிக் காட்சி மட்டும். கேத்தி ஸ்டேஷன், கமல், ரயிலில் ஸ்ரீதேவி.

படம் 1982இல் வந்தது. ஷூட்டிங் நடந்த அன்றைக்குப் பெரியப்பா டூட்டி முடிந்து அருவங்காட்டில் ஏறி, அடுத்த ஸ்டேஷன் கேத்தியில் இறங்கியிருக்கிறார். யாரோ ஒதுங்கச் சொன்னார்கள், ஒதுங்கினார். ஒதுங்கியதில் கேமராவுக்குள் போய்விட்டார் என்பது அவர் தரப்பு. கமலுக்குத் தேசிய விருது, ஒளிப்பதிவுக்குப் பாலு மகேந்திராவுக்குத் தேசிய விருது. ரெண்டையும் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவார். மூன்றாவதாக என்ன சொல்லணும் என்று நமக்குத் தெரிய வேண்டும்.

பழைய டிவியில் அந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு கறை தெரியும். "அதோ நானு!" எல்லோரும் "ஆமா ஆமா" என்போம். என் மனைவி கல்யாணமான புதிதில் "மூக்கு அப்படியே இருக்குங்க மாமா" என்று சொல்லி நல்ல பேர் வாங்கினாள்.

நேற்று ரிமோட் மச்சினன் கையில் இருந்தது. நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி நிறுத்தினான். எழுந்து டிவிகிட்டே போய் விரலை வைத்தான்.

"மாமா, இது கம்பமுங்க."

கம்பமேதான். பெரிய டிவியில் துரு முதற்கொண்டு தெரிந்தது.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு 'ங்க'கூட வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வெளியே காட்டுமாடு வந்திருக்கா பார்க்கிறேன் என்று குல்லாவை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அது வருவது ஆறு மணிக்கு. அப்போது மூன்றரை.

பெரியம்மா கேசரிக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே வந்தார். டிவியைப் பார்க்கவேயில்லை.

"கம்பந்தான் சாமி. அதுக்குப் பின்னாடிதான் அவரு நின்னாரு. கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகல அப்ப. படம் வந்ததும் ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனாரு, அதுதான் நான் முதமுதல்ல தியேட்டர்ல பாத்த படம். தெரியுதா தெரியுதான்னு காதுகிட்டயே கேட்டுட்டு இருந்தாரு."

"தெரிஞ்சுதுங்களா அத்தை?"

"பாத்தேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்" என்று ஒரு கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மச்சினன் கொஞ்ச நேரம் கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தான். அப்புறம் ரிமோட்டை எடுத்து மறுபடி ஓட்டினான். வாசல் பக்கம் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே, "கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஸ்வெட்டர் கை ஒண்ணு தெரியுதே" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் தெரியவில்லை.

"பச்சை ஸ்வெட்டரா?" என்றது வாசல்.

"பச்சைதாங்க மாமா."

வந்து உட்கார்ந்தார். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கையை எட்டுத் தடவை பார்த்தார்கள். பிறந்தநாள் குழந்தை தூங்கியேவிட்டது, கேக் வெட்டவில்லை.

இருட்டுகிற நேரத்துக்குக் கிளம்பினோம். இவனுக்கு வாய் சும்மா இருக்காது. குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "என்ன இருந்தாலும் மாமா, எங்காளுக்கு மூஞ்சி தெரிஞ்சுது பாருங்க" என்றான்.

பெரியப்பா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"சரிங்க மாப்ள. போயிட்டு வாங்க. பாத்துப் போங்க. மாடு நிக்குதுங்க."

நான் எண்ணினேன். நாலு.