அம்பாசடர் மார்க் 2: பின் மெயின் ஆயில் ஒழுக்கு, இதுவரை செய்தது

வண்டி மார்க் 2 அம்பாசடர், பெட்ரோல், 1489 சிசி. பிரச்சினை, கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) பின்பக்கம் தாங்கும் மெயின் பேரிங் பக்கமாக ஆயில் ஒழுகுவது. இதைத்தான் 'பின் மெயின்' என்கிறேன். உத்தரபாராவில் கட்டிய வண்டியாக இருந்தாலும் இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-சீரிஸ்தான். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் வந்ததும் இதே குடும்பம். அதனால் அந்தக் கார்க்காரர்கள் படும் பாடு எல்லாம் நமக்கும் உண்டு.

இன்ஜினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் சின்னதாக ஒரு ஓட்டை, அதில் ஒரு காட்டர் பின் தொங்கும். வண்டி ஓடும்போது பின் ஆடிக்கொண்டே இருப்பதால் ஓட்டை அடைபடாது. உள்ளே சேரும் ஆயில் கிளட்சுக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும். அதாவது, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று வடிவமைத்தவர்களே கணக்குப் போட்டு வைத்த இடம் அது. என் வண்டியில் சொட்டு நின்றபாடில்லை. போதாததற்கு மேட்டில் ஏறும்போது கிளட்சும் வழுக்க ஆரம்பித்தது.

சீல் மாற்றிவிடலாம் என்று வழக்கமாகப் போகும் பட்டறையில் கேட்டேன். "தம்பி, இதுல சீலே கிடையாது. எதை மாத்தச் சொல்றீங்க?" என்றார் மெக்கானிக் அண்ணன். உண்மைதான். கிராங்க் ஷாஃப்ட்டின் பின் முனையில் திருகு மாதிரி மரை வெட்டியிருப்பார்கள். ஸ்க்ரோல் என்பது அதுதான். எண்ணெய் மில் எக்ஸ்பெல்லரில் திருகு கடலையைத் தள்ளிக்கொண்டு போவதுபோல, இது வெளியே வரப் பார்க்கும் ஆயிலை, அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப் பக்கமே திருப்பித் தள்ளும். கிராங்க் எதையும் தொடாது. சுற்றிலும் மயிரிழை இடைவெளிதான். இன்ஜின் நின்றால் தள்ளுவதும் நின்றுவிடும். வண்டியை நிறுத்திய பிறகு இரண்டு சொட்டு விழுவது அதனால்தான்.

கடையில் விற்கும் லீக் ஸ்டாப் பாட்டில் இங்கே வீண் செலவு என்பதும் இதிலிருந்தே தெரியும். அந்த மருந்து ரப்பரை ஊறவைத்துப் பருக்க வைப்பது. ரப்பரே இல்லாத இடத்தில் எதைப் பருக்க வைக்கும்?

இன்ஜினை இறக்குவதற்கு முன் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து பிளாக் முழுவதையும் கழுவி, துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவினேன். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளையில் பழுப்பு நிறக் கோடு ஒன்று. அது தொடங்கிய இடம் பின் மெயின் அல்ல, டேப்பட் பக்க மூடி. இன்ஜினின் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு மூடிகள் உண்டு. பின் மூடியின் கார்க் கேஸ்கெட் பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருந்தது. அங்கிருந்து வழிந்து பிளாக்கின் ஓரமாகவே பின்னால் போய், பெல் ஹவுசிங்கில் சேர்ந்து சொட்டியிருக்கிறது. பழைய பி-சீரிஸில் பின் மெயின் என்று பழி விழுவதில் பாதி இந்த மூடிகளின் வேலை என்பது என் அபிப்பிராயம். இரண்டு மூடிக்கும் புது கார்க் போட்டேன். போல்ட்டை முறுக்கித் தள்ளினால் தகடு வளைந்துவிடும், கார்க் லேசாக அமுங்கினால் போதும்.

சொட்டு குறைந்தது, நிற்கவில்லை. அடுத்து பார்த்தது கிராங்க்கேஸ் பிரஷர், அதாவது கிராங்க் சுற்றும் அறைக்குள் இருக்கும் காற்றழுத்தம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் காற்று வெளியேற வழியில்லை என்றால், ஸ்க்ரோல் என்னதான் உள்ளே தள்ளினாலும் காற்று ஆயிலை வெளியே ஊதிவிடும். இதை அளக்க கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூபே போதும். ட்யூபை யூ வடிவத்தில் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் இறுக்கமாகச் செருகினேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறுபக்கத்தில் தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியது. நல்ல இன்ஜினில் அது இப்படி ஏறக் கூடாது.

கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால் ரிங்கைச் சந்தேகிக்கவில்லை. முன் டேப்பட் மூடியிலிருந்து கீழே இறங்கும், அந்தக் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாயைக் கழற்றினேன். உள்ளே தார் போல இறுகிய கசடு, பென்சில்கூட நுழையாது. ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸும் உள்பக்கம் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயை டீசலில் ஊறப்போட்டுக் குடைந்து எடுத்தேன், ஹோஸைப் புதிதாக மாற்றினேன். அதன்பின் அதே லெவல் ட்யூபில் தண்ணீர் லேசாகத் துடித்ததே தவிர ஏறவில்லை. மொத்த வேலையிலும் காசு குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருந்தது இந்தக் கட்டம்தான். பின் மெயின் ஒழுகுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ப்ரீதரைப் பார்த்தீர்களா என்றுதான்.

கிளட்ச் தட்டு ஆயிலில் ஊறிப்போனதால் இன்ஜினை எப்படியும் இறக்க வேண்டியிருந்தது. செயின் பிளாக் போட்டுத் தூக்கி, கிளட்ச், ஃப்ளைவீல், பின் பிளேட், சம்ப் எல்லாம் கழற்றினோம். மூன்று மெயின் பேரிங்கில் பின்னால் உள்ளதன் கேப் (பேரிங்கை அடியிலிருந்து பிடிக்கும் பாதி) பிளாக்குக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும், நெம்பக் கூடாது. கேப்பிலேயே மரை போட்ட துளை இருக்கிறது. அதில் மாட்டி இழுக்க லேத் பட்டறையில் ஒரு சுத்தியல் புல்லர் செய்து வாங்கினோம்.

கேப் வந்ததும் விஷயம் தெரிந்தது. கேப்பும் பிளாக்கும் சேரும் கிடைமட்ட முகத்தில் எப்போதோ யாரோ அடைப்பதற்காகத் தடவிய ஷெல்லாக் பசை கட்டி கட்டியாக இறுகி, நடுவே ஒரு பக்கம் ஆயில் போன தடம். சிலிகான் பேஸ்டை அப்பிவிட்டால் போகிறது என்று தோன்றும், செய்யக் கூடாது. படிமம் தடித்தால் கேப் தூக்கிக்கொள்ளும், பேரிங் இடைவெளி மாறும். பிதுங்கிய துணுக்கு பம்ப் வடிகட்டியில் போய் அடைக்கும். அரத்தால் தேய்ப்பதும் ஆபத்து, பேரிங் வட்டம் சப்பையாகிவிடும். தின்னரும் துணியும் வைத்துப் பொறுமையாகத் துடைத்து, இறுகாத வகை ஜாயின்டிங் காம்பவுண்டை விரல் நுனியால் மெல்லிய படலமாகத் தடவினேன். கேப்பில் ஆயில் திரும்பும் வடிகால் வழியை சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். போல்ட் 70 பவுண்டு-அடி டார்க்.

அதற்கு முன்பே பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து மெயின் இடைவெளி பார்த்தாயிற்று, கணக்குக்குள் இருந்தது. இது முக்கியம். பேரிங் தேய்ந்தால் ஸ்க்ரோலுக்கு வரும் ஆயிலும் கூடும், கிராங்க் தாழ்ந்து ஸ்க்ரோலே கேப்பில் உரசும். உரசிய பளபளப்பு எதுவும் தென்படவில்லை. சம்ப் முனைகளில் வரும் கார்க் பட்டைகளைச் சற்றுத் தூக்கலாக விட்டு வெட்டினேன், அமுங்கினால்தான் அடைக்கும்.

ஸ்க்ரோலை விட்டுவிட்டு, தண்டைத் தொட்டுக்கொண்டு அடைக்கும் லிப் சீல் மாட்டும் கிட் இங்கிலாந்தில் கிடைக்கிறது. அதன் விலை, வேலைக்கு வேண்டிய லேத் நுணுக்கம் இரண்டையும் பார்த்து வேண்டாம் என்று விட்டேன். கிராங்கை எப்போதாவது கிரைண்ட் பண்ண இறக்கினால் அப்போது யோசிக்கலாம்.

இப்போதைய நிலவரம்: மதுரையிலிருந்து திண்டுக்கல் போய் வந்து அடியில் செய்தித்தாள் விரித்தால் காலையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு கறை. ஊருக்குள் ஓட்டினால் அதுவும் இல்லை, காட்டர் பின் ஈரமாக மட்டும் இருக்கிறது. கிளட்ச் வழுக்கவில்லை. 20டபிள்யூ-50 ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துகிறேன்.

முன்பக்கம் டைமிங் கவரில் இருப்பது பழைய ஃபெல்ட் சீல், அங்கே கசிவு தொடங்கியிருக்கிறது. புல்லியைக் கழற்றும் அளவுக்குப் பெரிய ஸ்பேனர் கிடைத்ததும் அந்த வேலை.